வரும் வழி அகலம், போகும் வழி குறுகல்

வீட்டு அலமாரியில் இருக்கும் படத்தை வெளியூரில் இருந்து பார்க்க முடியவில்லை. குற்றவாளி கம்ப்யூட்டர் அல்ல. விளம்பரத்தில் சொல்லப்படாத ஓர் எண்.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாக்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். மகள் குவாஹாட்டியில், மகன் புனேயில். 1991ல் நடந்த தம்பியின் கல்யாண வீடியோ கேசட், தந்தையின் அறுபதாம் கல்யாணம், ஊர் சபாவில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த கச்சேரிகள், காசு கொடுத்து வாங்கிய டிவிடிகள் என்று ஒரு பீரோ நிறைய இருந்ததையெல்லாம் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து ஃபைல்களாக மாற்றியாயிற்று. டிவி பக்கத்தில் புத்தக அளவில் ஒரு பெட்டி. அதுதான் வீட்டின் சர்வர். ரிமோட்டை அழுத்தினால் கூடத்து டிவியில் கல்யாணம் கண் முன்னே ஓடுகிறது.

குவாஹாட்டியில் இருந்து மகள் அதே படத்தைத் திறக்கிறாள். கெட்டிமேளம் தொடங்குகிறது. தாலி கட்டும் கை பாதி வழியில் நிற்கிறது. திரை நடுவே ஒரு சக்கரம் சுற்றுகிறது.

"அப்பா, திரும்பவும் நின்னுடுச்சு."

"மாசாமாசம் 50 மெகாபிட்டுக்குப் பணம் கட்டறேனே அம்மா!"

கட்டுகிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்த 50 வீட்டுக்குள் வரும் வேகம். வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம் 5. ரசீதின் மூலையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மகள் பார்ப்பது அப்பாவின் வீட்டிலிருந்து புறப்படும் படம். அவளுக்கு டவுன்லோடு என்றால் அவருக்கு அது அப்லோடு. தெரு வாசல் வண்டி நுழையும் அகலம். கொல்லைப்புறக் கதவோ ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு. கல்யாண ஊர்வலம் கொல்லைப்புறம் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

இந்த வீட்டு சர்வர் மோகம் புதிதல்ல. 2002ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காகச் சில ஆர்வலர்கள் எழுதிய புரோகிராம்தான் பின்னாளில் எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014ல் கோடி என்று பெயர் மாறியது. அதிலிருந்து கிளை பிரிந்தது பிளெக்ஸ். எம்பி என்ற இன்னொரு புரோகிராம் தன் மூல நிரல்களை மூடி வைத்தபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து பிறந்தது ஜெல்லிஃபின். அது இலவசம், யாரும் திருத்தலாம். பிளெக்ஸ், வெளியூரிலிருந்து வீட்டுப் படங்களைப் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து கட்டணம் கேட்கிறது. எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்: படங்களைப் பட்டியல் போட்டு, போஸ்டர் ஒட்டி, கேட்கிற திரைக்கு அனுப்பிவைப்பது.

காசு கொடுத்தால் ஆயிரம் படம் காட்ட நிறுவனங்கள் இருக்கும்போது வீட்டில் எதற்கு இந்த வேலை? சித்தப்பாவின் கல்யாணம் எந்த நிறுவனத்திடமும் இல்லை என்பது முதல் பதில். கடையில் கிடைப்பதும் நிரந்தரமல்ல என்பது இரண்டாவது. ஜப்பானிய அனிமேஷன் படங்களை விற்றுவந்த அமெரிக்காவின் ஃபனிமேஷன் சேவை 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. டிஸ்க் வாங்கியவர்களுக்கு அத்துடன் டிஜிட்டல் பிரதியும் கொடுத்திருந்தது. கடை மூடியதும் அந்தப் பிரதிகள் போயின. டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்களிடம் மட்டும் படம் மிஞ்சியது. பீரோவில் இருப்பதே சொத்து என்று பழைய தலைமுறை நம்புவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆக, சொத்து இருக்கிறது, பெட்டி இருக்கிறது, புரோகிராம் இருக்கிறது. இல்லாதது வழி. அது ஏன் குறுகலாக இருக்கிறது என்பது ஒரு சுவாரசியமான கதை.

இந்தியப் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. டெலிபோன் வழியே கீச்சிட்டபடி இணைந்த அன்றைய மோடம்களில் போவதும் வருவதும் ஏறக்குறைய ஒரே வேகம். 1997ல் வந்த 56 கிலோபிட் மோடம் ஓரவஞ்சனை செய்தது. வருவது 56 வரை, போவது 33.6. அன்று யாரும் குறை சொல்லவில்லை. போக வேண்டியிருந்ததெல்லாம் நாலு வரி மின்னஞ்சல்தான்.

அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், அமெரிக்க டெலிபோன் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கூடமான பெல்கோரில் ஜோசப் லெக்லைடர் என்ற எஞ்சினியர் ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பியில் டிஜிட்டல் சமிக்ஞையை வேகமாக அனுப்ப வேண்டும். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் சமிக்ஞை அந்த முனையில் பலமாக இருக்கும். வீடுகளிலிருந்து சில கிலோமீட்டர் நடந்து வந்து சேரும் சமிக்ஞையோ அங்கே வரும்போது சோர்ந்துபோயிருக்கும். பக்கத்துக் கம்பியின் சத்தம் இதை விழுங்கிவிடும். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும்போது, கடைசிப் படியில் நிற்கும் பாட்டி வழி கேட்பது யார் காதில் விழும்?

இரண்டு திசைக்கும் சமமாகக் கொடுக்காதே என்பது லெக்லைடர் கண்ட வழி. போவதற்கும் வருவதற்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கி, வருவதற்குப் பெரும்பங்கு கொடுத்துவிட்டால் இரைச்சல் குறையும், மொத்த வேகம் கூடும். ஏடிஎஸ்எல் என்ற பெயரின் முதல் எழுத்தே 'சமமற்றது' என்பதன் சுருக்கம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியாஃபி அதை நடைமுறைக்கு ஏற்ற மோடமாக்கினார். 1999ல் சர்வதேச டெலிபோன் அமைப்பு ஏற்ற தர விதியில் இந்தப் பாகப்பிரிவினையைப் பார்க்கலாம். மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை. வெளியே போகும் தகவலுக்குச் சுமார் 26 முதல் 138 வரை. உள்ளே வருவதற்கு 138 முதல் 1,104 வரை. மூத்தவனுக்கு ஒன்பது பங்கு, இளையவனுக்கு ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏடிஎஸ்எல் முதலில் இன்டர்நெட்டுக்காகத் தயாரானதல்ல. டெலிபோன் கம்பி வழியே வீட்டுக்குச் சினிமா அனுப்பி கேபிள் டிவிக்காரர்களுக்குப் போட்டி கொடுக்க அந்த நிறுவனங்கள் ஆசைப்பட்டன. 1990களின் நடுவில் பெல் அட்லாண்டிக் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அதைச் சோதித்தும் பார்த்தது. சினிமா எப்போதும் நிறுவனத்திடமிருந்து வீட்டுக்கு வரும். வீட்டிலிருந்து போக வேண்டியது 'அடுத்த படம் போடு' என்ற ஒரு கட்டளைதான். வழியின் அளவை முடிவு செய்தது அந்தக் கணக்கு. வீட்டிலேயே ஒருவர் சினிமாக் கொட்டகை நடத்துவார் என்று யார் நினைத்தார்கள்?

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் சேவை மூலம் இந்திய நகரங்களுக்குப் பரவலாக வந்த பிராட்பேண்ட் இந்த ஏடிஎஸ்எல்தான். புதிதாகப் பள்ளம் தோண்டாமல், இருக்கிற டெலிபோன் கம்பியிலேயே இணைப்பு கொடுக்க முடிந்தது. அந்த லாபத்தோடு சேர்ந்து வந்தது குறுகிய கொல்லைப்புறக் கதவு.

இன்றைய நிலைமை வேறு. ஆப்டிகல் ஃபைபரில் செம்பின் அந்தச் சங்கடம் கிடையாது. பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளின் அடிப்படையான ஜிபான் முறையில், ஒரே கண்ணாடி இழையில் வருவதற்கு ஒரு நிற ஒளி, போவதற்கு வேறு நிற ஒளி. மொத்த வேகம் வருவதற்கு 2.5 ஜிகாபிட், போவதற்கு 1.25 ஜிகாபிட். தெருவில் 32 அல்லது 64 வீடுகள் இதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கேயும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கிறதே தவிர, பத்தில் ஒரு பங்கு என்ற நிலை இல்லை. இந்தியாவில் பல ஃபைபர் திட்டங்கள் இரு திசைக்கும் ஒரே வேகம் தருகின்றன. குறைத்துத் தருபவர்கள் குறைப்பது பெரும்பாலும் இயற்பியல் காரணத்தால் அல்ல, கட்டணக் கணக்கால்.

கம்பி போகாத இடத்தில் காற்று வழி வரும் இணைப்புகளில் கதை மறுபடி பழைய இடத்துக்கே திரும்புகிறது. டவரின் சக்தி பெரிது; செல்போனின் சக்தி கால் வாட்டுக்கும் குறைவு. நம் நாட்டில் 4ஜிக்கும் 5ஜிக்கும் பயன்படும் பல பட்டைகளில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் முறை வைத்து நடக்கின்றன. அந்த நேரப் பங்கீட்டில் பெரும்பகுதி இறக்கத்துக்கு. 2023க்குப் பிறகு பரவிவரும், மாடியில் பெட்டி பொருத்தும் 5ஜி வீட்டு இணைப்புகளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. படம் பார்க்க அருமை. படம் அனுப்பச் சிரமம்.

கணக்குக்கு வரலாம். வேகத்தைச் சொல்வது பிட்டில், ஃபைலின் கனத்தைச் சொல்வது பைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். பாதிக் குழப்பத்துக்கு இதுவே காரணம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 9 ஜிகாபைட் என்றால், அது 72,000 மெகாபிட். ஓடும் நேரம் 9,000 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 8 மெகாபிட். கதவின் அகலம் 5. படம் நிற்காமல் வேறென்ன செய்யும்?

எந்தச் சரக்கு எவ்வளவு அகலம் கேட்கும் என்பதற்கு ஒரு பட்டியல் போடலாம். 1990களின் இறுதியில் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைத்த விசிடியின் வேகம் சுமார் 1.4 மெகாபிட். டிவிடியின் வீடியோ அதிகபட்சம் 9.8. புளூரே 40 வரை போகும். 4கே டிஸ்க் 128 வரை. செல்போன் கேமராவும் சளைத்ததல்ல: ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 சட்டம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 170 மெகாபைட், அதாவது விநாடிக்கு 22 மெகாபிட்டுக்கு மேல். பேரனின் பிறந்தநாளை ஒரு நிமிடம் எடுத்து, எடுத்தபடியே அனுப்ப, 5 மெகாபிட் வழியில் நாலரை நிமிடம் பிடிக்கும்.

சங்கீதத்துக்கு மட்டும் விதிவிலக்கு. நல்ல தரத்து எம்பி3க்கு 320 கிலோபிட் போதும். துளியும் சுருக்காத சிடி ஒலிக்கே 1.4 மெகாபிட்தான். மூன்று மணி நேரக் கச்சேரியை மூன்று பிள்ளைகளும் மூன்று ஊரிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டாலும் 5 மெகாபிட் கதவு தாங்கும். வீட்டு சர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேசட்டில் இருக்கும் கச்சேரிகளிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

கல்யாண வீடியோ ஏன் நின்றது? இரண்டு மணி நேர கேசட்டை ஒரு டிவிடியின் 4.7 ஜிகாபைட்டில் அடக்கினால் சராசரி விநாடிக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்று மேல். கதவும் 5. ஒப்புக்குச் சமம்போலத் தெரிகிறது. ஆனால் இது சராசரி. மணவறையில் புரோகிதர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது குறைவாகவும், ஊர்வலத்தில் கூட்டம் ஆடும்போது அதிகமாகவும் தகவல் புறப்படும். உறை போட்டு, முகவரி எழுதி, ரகசியப் பூட்டுப் போடும் செலவு தனி. அகலத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பது அனுபவசாலிகளின் விதி.

சர்வர் புரோகிராம்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கின்றன. டிரான்ஸ்கோடிங். படத்தை அனுப்பும் நொடியிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி, மெலியவைத்து அனுப்புவது. பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசப் புரோகிராம்தான் உள்ளே இந்தச் சமையலைச் செய்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்டு 2000ல் தொடங்கியது அது. 8 மெகாபிட் படம் 3 மெகாபிட்டாகிப் போகும். விலை? கம்ப்யூட்டரின் உழைப்பு. 2011க்குப் பிறகு வந்த இன்டெல் சில்லுகள் பலவற்றில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு என்பதால் சிறிய பெட்டியே சமாளிக்கும். அது இல்லாத பழைய பெட்டியில் மின்விசிறி அலறும், படம் கம்ப்யூட்டரின் களைப்பால் நிற்கும். சப்டைட்டில் விஷயத்திலும் கவனம் வேண்டும். டிவிடியின் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். பார்ப்பவரின் கருவி அதைத் தனியாகக் காட்டத் தெரியாததாக இருந்தால், ஒவ்வொரு சட்டத்திலும் அதை ஒட்டி மறுபடி சமைக்க வேண்டியிருக்கும்.

சூடாகப் பரிமாறுவதை விட முதல் நாள் இரவே மாவு அரைத்து வைப்பது மேல். பழைய விஎச்எஸ் கேசட்டில் இருப்பது கிடைமட்டத்தில் சுமார் 240 கோடு அளவு விவரம்தான். அதற்கு டிவிடியின் 5 மெகாபிட் ஆடம்பரம். டிவிடியின் சுருக்கு முறை 1990களைச் சேர்ந்தது. 2003ல் வந்த எச்.264 முறையில் அதே படத்தை 2 மெகாபிட்டில் அடக்கினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 2013ல் வந்த எச்இவிசி, அதிலும் ஏறக்குறைய பாதியில் அதே தரம் தரும்; ஆனால் பழைய டிவிகளுக்கு அது புரியாது. இரவில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு எல்லா கேசட்டையும் ஒரு முறை மெலியவைத்துவிட்டால், 5 மெகாபிட் கதவு வழியே மகளும் மகனும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். மூல ஃபைலை அழிக்கக் கூடாது. மெலிந்தது பயணத்துக்கு, மூலம் வம்சத்துக்கு.

மெலியவைக்க மனம் வராத படங்களுக்கு இன்னொரு வழி: அவசரப்படாமல் இருப்பது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால்தான் 8 மெகாபிட் தேவைப்படுகிறது. முன்கூட்டியே அனுப்பி வைத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 9 ஜிகாபைட் படம் விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் போய்ச் சேர 5 மணி நேரம். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் காலை 4 மணிக்கு குவாஹாட்டியில் இருக்கும். மொத்த பீரோவையும் அனுப்புவதென்றால் தபால்காரரே வேகம். ஒரு டெராபைட் 4 மெகாபிட் வழியில் போக 23 நாள் ஆகும். அதே அளவை ஹார்டு டிஸ்கில் பதிந்து பார்சலில் போட்டு நாலு நாளில் சேர்ந்தால், கணக்குப்படி அது விநாடிக்கு 23 மெகாபிட் இணைப்புக்குச் சமம். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து அனுப்பினால் தபால் செலவும் மிச்சம். கூடுதலாக, இன்னொரு ஊரில் ஒரு பிரதி இருக்கும். தீயோ வெள்ளமோ ஒரு வீட்டைத் தொட்டாலும் கல்யாணம் பிழைக்கும்.

கதவு குறுகலாக இருப்பதில் இன்னொரு துன்பமும் உண்டு. மகள் படம் பார்க்கும்போது நாக்பூரில் அம்மா பார்க்கும் சீரியலும் நிற்கிறது. வரும் வழியில் 50 மெகாபிட் காலியாகக் கிடக்கிறது. பிறகு ஏன்? இன்டர்நெட்டில் ஒரு திசைப் பயணம் என்று எதுவும் இல்லை. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதி தகவலுக்கும் 'கிடைத்தது' என்று ஒரு சிறு ரசீது திரும்பிப் போக வேண்டும். ரசீது போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது வரும். கொல்லைப்புறக் கதவில் கல்யாண ஊர்வலம் அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தத் துண்டுச் சீட்டும் பின்னால் நிற்கிறது. ரேஷன் கடையில் மூட்டைக்காரருக்குப் பின்னால் கையெழுத்துக்கு மட்டும் நிற்பவரின் நிலைமை.

ரூட்டர் செய்பவர்கள் நல்லெண்ணத்தில் இதை மோசமாக்கினார்கள். எதையும் தவறவிடக் கூடாது என்று பெரிய காத்திருப்பு அறை கட்டினார்கள். அறை பெரிதாக, வரிசை நீண்டது. 2010ல் அமெரிக்க எஞ்சினியர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டில் ஃபைல் அனுப்பும்போதெல்லாம் இன்டர்நெட் திணறுவதை ஆராய்ந்து, இந்த நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். பஃபரின் உப்புசம். 2012ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் மருந்து கண்டார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார். நேரம் மிஞ்சினால் சிலவற்றைத் தள்ளிவிட்டு, அனுப்புபவரை நிதானிக்கச் சொல். இதன் வழிவந்த 'கேக்' என்ற முறை 2018 முதல் லினக்ஸின் அங்கமாகவே இருக்கிறது. இதை அமைக்க வசதியுள்ள ரூட்டரில், போகும் வேகம் 5 என்றால் 4.5 என்று வரம்பு கட்டிவிட வேண்டும். அரை மெகாபிட்டைத் தியாகம் செய்தால் வீட்டில் சமாதானம் நிலவும். ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றாலும், சர்வர் புரோகிராமிலேயே 'வெளியூருக்கு மொத்தம் இவ்வளவுதான்' என்று வரம்பு போடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்குப் படம் தொடங்குவதே இல்லை. அங்கே சிக்கல் கதவின் அகலம் அல்ல, வீட்டுக்குக் கதவிலக்கமே இல்லாதது. பழைய ஐபி முறையில் முகவரிகள் சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதியின் பங்கு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு ஒரே தபால்பெட்டி வைத்ததுபோல. உள்ளிருந்து கடிதம் போகும். வெளியிலிருந்து ஒருவர் நேராக நான்காம் மாடிக்கு வர முடியாது. ரூட்டரில் காணப்படும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் வீடு அந்த வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

தீர்வு உண்டு. புதிய ஐபிவி6 முறையில் முகவரிக்குப் பஞ்சமில்லை. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. இரண்டு முனையிலும் அது இருந்தால் நேர்வழி திறக்கும். அல்லது 2020 முதல் லினக்ஸில் சேர்ந்துள்ள வயர்கார்டு போன்ற சுரங்க வழி முறைகள் இருக்கின்றன. சர்வரை ஊரறியத் திறந்து வைக்காமல் குடும்பத்தினருக்கு மட்டும் சாவி கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டியவர்கள் சம்பந்திகள்; உலகத்துத் திருடர்கள் அல்ல.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிடலாமா? 2020 மார்ச் 25 அன்று நாடு முடக்கப்பட்டபோது அந்தப் பதில் செல்லாமல் போயிற்று. கரும்பலகையைச் செல்போன் முன் நிறுத்தி வகுப்பு எடுத்த ஆசிரியைக்குத் தேவைப்பட்டது போகும் வழி. எழுதிய விடைத்தாளைப் படமெடுத்து, நேரம் முடிவதற்குள் அனுப்பப் பதறிய மாணவனுக்கும், எக்ஸ்ரேயை வேறு ஊர் டாக்டருக்கு அனுப்பிய நோயாளிக்கும் அதுவேதான். பார்ப்பவர்களுக்காகக் கட்டிய சாலையில் கொடுப்பவர்கள் நடக்க வேண்டி வந்தது.

அரசின் அகராதியில் இந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை. 2004ன் பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் டவுன்லோடு இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2013ல் அது 512 ஆனது. 2023ல் 2 மெகாபிட் ஆனது. மூன்று முறையும் பேச்சு டவுன்லோடு பற்றியே. 2021ல் டிராய் அமைப்பு இணைப்புகளை அடிப்படை, வேகம், அதிவேகம் என்று மூன்றாகப் பிரிக்கப் பரிந்துரைத்தபோதும் அளவுகோல் அதுதான். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு எண்களைச் சேர்த்தே சொல்கிறது. 2010ல் வருவதற்கு 4, போவதற்கு 1. 2015ல் 25க்கு 3. 2024ல் 100க்கு 20. அங்கேயும் சமம் இல்லை. ஆனால் இரண்டாவது எண் என்று ஒன்று உண்டு. எண் இருந்தால் கேட்கலாம், ஒப்பிடலாம், குறைந்தால் புகார் செய்யலாம். இல்லாத எண்ணைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

இந்திய விதியிலும் அந்த இரண்டாவது எண்ணை எழுதுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பல ஃபைபர் நிறுவனங்கள் ஏற்கெனவே தருவதை விளம்பரத்திலும் ரசீதிலும் சொல்லச் செய்தால் போதும். அதுவரை புது இணைப்பு வாங்குபவர்கள் கட்டணத்தைக் கேட்கும் அதே மூச்சில் 'அப்லோடு எவ்வளவு? எங்களுக்கென்று தனி ஐபி முகவரி உண்டா?' என்று கேட்பது நல்லது. வாயால் சொல்வதை எழுதியும் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

வாங்கிய சினிமா டிஸ்க்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1957ன் காப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு இடம் தருகிறது. ஆனால் 2012 திருத்தம், உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. குடும்பத்துக்குள் பார்ப்பது வேறு, தெருவுக்கே விநியோகிப்பது வேறு. அந்த வகையில் குறுகிய கதவு சிலரை வம்பிலிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 15 வாட் பெட்டி வருடம் முழுவதும் ஓடினால் 131 யூனிட். சர்வருக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால் மின்வெட்டிலும் முகூர்த்தம் தவறாது.

நாக்பூர் பெரியவருக்கு மிஞ்சியிருப்பது ஓர் இரவு வேலை. கேசட்டுகளை 2 மெகாபிட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, வெளியூர் வரம்பை 4 என்று போட்டுவிட்டுப் படுக்கலாம். மறுநாள் மாலை குவாஹாட்டியில் கெட்டிமேளம் கேட்கும். இந்த முறை தாலி கட்டி முடிக்கும் வரை நிற்காது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், தலையில் முடியோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் அந்த வாலிபர் யாரென்று பேத்தி கேட்பாள். சக்கரம் சுற்றும் திரையில் அந்தக் கேள்விக்கு இடம் இருந்ததில்லை.